முப்பத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை

வாசகசாலைக் கரும்பலகையில் டீனாவுக்குக் கிடைத்தது வலப்பக்கத்துப் பாதி. இடப்பக்கத்தில் செயலாளர் மோகனன் மலையாளத்தில் எழுதுவார், வலப்பக்கத்தில் அவள் தமிழில் எழுதுவாள். தலைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்: 'இந்த நாளில்'. பாறசாலையிலிருந்து மீனவர்களின் கடப்புறத்துக்கு வரும் பஸ் திரும்புகிற முக்கில் பலகை நின்றதால், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் அதைப் படித்தார்கள். தலையிலிருந்து மீன் கடவத்தை இறக்கிவைத்த பெண்கள், படிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வார்கள். "இன்னைக்கு எந்த ராசா செத்தான் மக்கா?" என்பார்கள். எங்காவது ஒரு ராசா செத்திருப்பான்.

டீனாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கிற மூன்றாவது அலமாரியை அவள் இரண்டு தடவை படித்து முடித்துவிட்டாள். பனி விழுவதை அவள் பார்த்ததில்லை, ஆனால் பனியில் நடக்கிறவனின் பூட்ஸ் சத்தம் அவளுக்குத் தெரியும். கடப்புறத்து மணலில் நடக்கும்போதுகூடச் சில நேரம் அந்தச் சத்தம் கேட்டுவிடும். அந்த ஊர்களிலெல்லாம் மனிதர்களுக்கு என்ன நடந்தாலும் தேதி போட்டு எழுதிவைத்திருந்தார்கள் என்பது அவளுக்கு எப்போதும் பெரிய அதிசயம்.

1996 நவம்பர் ஒன்று வெள்ளிக்கிழமை. மாநிலம் பிறந்து நாற்பது வருடம். பத்து மணிக்கு வாசகசாலையில் கூட்டம், பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார், வார்டு மெம்பர் டிக்சன் தலைமை. கடப்புறத்துக்கோ அன்று சகல புனிதர் திருநாள். டீனா ஆறு மணிப் பூசை கண்டுவிட்டு நேரே வாசகசாலைக்கு வந்து, ஆண்டுப் புத்தகங்களை மேசையில் பரப்பி, சாக்பீஸை எடுத்தாள்.

1512 – ரோமில் ஒரு சிற்றாலயத்தின் கூரை ஓவியங்களை மக்கள் முதன்முதலாகப் பார்த்தார்கள்.
1755 – லிஸ்பன் நகரில் பூகம்பம். திருநாள் பூசை நேரத்தில் கோயில்கள் இடிந்தன. பிறகு கடல் ஏறி வந்தது.
1858 – கம்பெனி ஆட்சி போய், விக்டோரியா ராணியின் ஆட்சி என்று அறிவித்தார்கள்.
1954 – புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது.
1956 – மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. எல்லை நம் ஊருக்குக் கிழக்கே வந்தது.
1993 – ஐரோப்பாவில் பன்னிரண்டு நாடுகள் ஒரே ஒன்றியமாயின.

கடைசி வரியை எழுதிவிட்டு அவள் நின்றுவிட்டாள். 1993, நவம்பர் ஒன்று. புத்தகத்தைத் திரும்பப் பார்த்தாள். அதே நாள்தான். எங்கோ இருக்கிற பன்னிரண்டு நாடுகளின் ஒப்பந்தத்தை இத்தனை தூரம் தள்ளி அச்சடித்த புத்தகத்தில் ஒருநாள்கூடப் பிசகாமல் போட்டிருக்கிறார்கள். அவளுடைய அப்பா செத்த நாளை மட்டும் அரை மைல் தூரத்துக் கோயிலில் மாற்றி எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவள் இன்னொரு வரி எழுதினாள்.

1993 – நம் கடப்புறத்து நார்பர்ட், திருநாள் காலையில் இன்னொருவர் வலையை எடுக்கக் கடலுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மோகனன் பசைக் கிண்ணமும் காகிதக் கொடியுமாக வந்தார். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நல்ல மனிதர், ஆனால் எந்தக் காகிதத்தையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டார். பலகையை மேலிருந்து கீழே படித்தவர் கடைசி வரியில் கொடியைக் கீழே வைத்தார்.

"டீனா, உனக்க சங்கடம் மனசிலாவுது. பக்ஷே, இது சரித்திரம் அல்லல்லோ."

"பின்ன இது என்னவாக்கும் அண்ணே?"

"வீட்டுக் காரியம்."

"விக்டோரியா ராணிக்கும் வீடு உண்டு."

மோகனன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, நாளாவது சரியா இருக்கணுமே. நேத்தல்லியா அப்பனுக்குப் பூசை வச்சிய? நான் பஸ்ஸுக்கு நிக்கும்போ உங்க அம்மா வெள்ளச் சேலை உடுத்திட்டுப் போறதைப் பாத்தேன்."

"நேத்து கோயில் சொன்ன நாளு. இன்னைக்குதான் அப்பா போன நாளு."

அவள் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மோகனனிடம், கொடியையும் பசையையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்கு அவளுக்குப் பதினாறு வயது. திருநாள் பூசைக்காக அப்பா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். டிக்சன் முற்றத்தில் வந்து நின்றார். அப்பா வேலை செய்தது அவருடைய வள்ளத்தில். பாறையில் போட்டிருந்த சிங்கிறால் வலை, கட்டியிருந்த கல் அறுந்து நீரோட்டத்தில் ஒழுகிப் போகிறது, ஒரு ஓட்டம் போய்ப் பிடித்துவிட்டு வா, பூசை முடிவதற்குள் கரை சேர்ந்துவிடலாம் என்றார். "இன்னைக்கு விலக்கு நாளாக்குமே" என்று அப்பா சொன்னதும், "கமிட்டி நானாக்கும். எனக்குத் தெரியாத விலக்கா?" என்றார் டிக்சன். அப்பா சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் போட்டார். ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது, கூட ஆளில்லை. தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் குளச்சல் பக்கத்தில் மரம் மட்டும் ஒதுங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளும் பெரிய திருநாள்களும் அவர்கள் கடப்புறத்தில் விலக்கு நாள்கள். அன்று கடலில் மரம் இறங்கக்கூடாது. இறங்கினவன் மறுவாரம் ஊருக்கு முன்னால் முழங்காலில் நிற்கவேண்டும். இறங்கிச் செத்தவனுக்குத் துக்கமணி கிடையாது. இது கோயில் கமிட்டியின் சட்டம். டீனாவின் அம்மா ப்ளோரன்ஸ் மணிக்காக அழுதாள். புருஷனுடைய உடம்புதான் கிடைக்கவில்லை, மணியாவது வேண்டாமா? அப்போது டிக்சன்தான் முன்னால் வந்தார். "முந்தின நாளு போனதா எழுதிக்கிடலாம் ப்ளோரன்ஸ். நான் பாத்துக்கிடுதேன்." நாற்பத்தொன்றாம் நாள் வெறுங்குழிக்குச் சிலுவை நட்டபோது கோயில்பிள்ளை வேலை பார்க்கிற ஜெய்சன் பதிவேட்டைத் திறந்து, ஒன்றாம் தேதியில் ஒன்றைக் கழித்து, அக்டோபர் முப்பத்தொன்று என்று எழுதினார். மணி அடித்தது. அன்றிலிருந்து டிக்சன், நார்பர்ட்டுக்கு மணி வாங்கிக்கொடுத்த புண்ணியவான். போன வருடம் அவர் பஞ்சாயத்துக்கு நின்றபோது அந்த மணியும் சேர்ந்து ஓட்டுப் போட்டது.

மோகனன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னது உண்மையாத்தான் இருக்கும். பக்ஷே பதிவேட்டுல முப்பத்தொண்ணுன்னு இருந்தா எந்தக் கோர்ட்டும் முப்பத்தொண்ணுன்னுதான் சொல்லும். அதைப் பொய்யுன்னு காட்ட வேற ரிக்கார்டு உண்டா?"

ரிக்கார்டு என்றதும் அவள் கை தானாக ஆண்டுப் புத்தகத்துக்குப் போயிற்று. முதல் பக்கத்தில் 1993ஆம் வருடத்து நாட்காட்டி இருந்தது. மோகனன் தன் குமாஸ்தா விரலை அக்டோபரில் வைத்துக் கீழே இறக்கினார். கடைசி வரிசையில் விரல் நின்றது.

"எடி டீனா."

"என்ன அண்ணே?"

"முப்பத்தொண்ணு ஞாயிற்றுக்கிழமை."

அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திருநாள் திங்கட்கிழமை வந்திருக்கிறது, அதற்கு முந்தின நாள் ஞாயிறு. அப்பாவை விலக்கு நாளிலிருந்து காப்பாற்றுவதற்காக இன்னொரு விலக்கு நாளில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக யாரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை. பொய் சொல்கிறவன் அதற்காக ஒரு நாட்காட்டியைப் புரட்டுகிற அளவுக்குக்கூட அப்பாவை மதிக்கவில்லை என்பதுதான் டீனாவின் நெஞ்சில் தைத்தது.

அந்த நேரத்தில்தான் டிக்சன் நாற்காலிகளை எண்ண வந்தார். கஞ்சிப்பசை போட்ட வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒரு சின்னக் காகிதப் பூ. பலகை முன்னால் இரண்டு நிமிடம் நின்றார்.

"ஏட்டி, இது ஆரு எழுதினது?"

"நானாக்கும் மாமா."

"அந்த ரஷ்யாக்காரனுக்க கதையெல்லாம் படிச்சுப் படிச்சுப் பிள்ளைக்குத் தலையில பனி விழுந்துட்டு." மோகனனைப் பார்த்துச் சிரித்தார். மோகனன் சிரிக்கவில்லை. "மாய்ச்சுரு மக்கா. பெரிய மனுசங்க வாற நேரம்."

"இதுல எது பொய்யுன்னு சொல்லுங்க, மாய்க்கேன்."

"உனக்க அப்பனுக்கு மணி அடிக்க வச்சது ஆராக்கும்? அதைச் சொல்லு முதல்ல."

"அப்பாவைக் கடலுக்கு விட்டது ஆராக்கும்? அதை நீங்க முதல்ல சொல்லுங்க."

டிக்சன் குரலை உயர்த்தவில்லை. தெரிந்த மீனுக்கு விலை சொல்கிற குரலில் பேசினார். "நான் செய்தது உங்களுக்காக. விலக்கு நாள்ல செத்தான்னு ஊரு சொல்லாம இருக்கட்டும்னுதான்."

டீனா நாட்காட்டியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "முப்பத்தொண்ணு என்ன கிழமைன்னு நீங்களே பாருங்க."

டிக்சன் பார்த்தார். உதடு அசைய ஒரு தடவை எண்ணினார், சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு, வலையில் ஒரு கண்ணி விட்டுப்போனதைக் கண்டவர்போல உச்சுக்கொட்டினார்.

"ஜெய்சனுக்கு விவரம் இல்ல. இன்னும் ஒரு நாளு குறைச்சிருக்கணும். அதுக்கென்ன, சனிக்கிழமைன்னு திருத்திக்கிடலாம். முப்பது. நான் இன்னைக்கே சொல்லுதேன்."

அவர் அதை ஒரு உதவியாகவே சொன்னார். நானூறு வருடத்துக்கு முன்னால் ஒரு போப்பாண்டவர் நாட்காட்டியிலிருந்து பத்து நாளை எடுத்தார் என்று அவள் இதே பலகையில் எழுதியிருக்கிறாள். அவர்கூட உலகத்துக்கெல்லாம் அறிவித்துவிட்டுத்தான் எடுத்தார். இந்த மனிதர் கையில் கூட்டத்து நோட்டீஸை வைத்துக்கொண்டு, ஒரு மனிதனின் சாவை இன்னும் ஒருநாள் முன்னால் நகர்த்தி வைக்கிறார்.

"நாளு என்ன உமக்க வலையா மாமா, ஒழுகுற பக்கத்துக்கு இழுத்துப் போட?"

"மோகனா, துடை" என்றார் டிக்சன்.

மோகனன் தயங்கினார். வாசகசாலைக்குப் பஞ்சாயத்து மானியம் உண்டு, கூரையில் ஓடு மாற்ற வேண்டியும் இருந்தது. ஈரத்துணியை எடுத்து, அவளைப் பார்க்காமல் கடைசி வரியை மட்டும் துடைத்தார். ஈரம் காய்வதற்குள் டீனா அதே வரியை அதே இடத்தில் எழுதினாள். ஈரத்தில் எழுத்து சரியாகப் பிடிக்கவில்லை, அழுத்தி எழுதினாள். மோகனன் இரண்டாவது தடவையும் துடைத்தார். "கஷ்டம்" என்று தனக்குள் முணுமுணுத்தார். அவள் மூன்றாவது தடவை எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. மிச்சத் துண்டை வைத்து எழுதி முடித்தாள்.

எட்டு மணிப் பூசை விட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பஸ் முக்கில் ப்ளோரன்ஸ் தலை முக்காட்டோடு வருவதை டிக்சன் பார்த்துவிட்டார்.

"ப்ளோரன்ஸ், இங்க வா. உனக்க மகளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு. முடிஞ்ச காரியத்தை எடுத்துப் பலகையில ஒட்டுதா."

ப்ளோரன்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகையைப் பார்த்தாள், மகளின் வெள்ளையாகிப்போன விரல்களைப் பார்த்தாள். "என்னவாக்கும் எழுதியிருக்க? வாசி."

"அம்மா, அது..."

"முதல்ல இருந்து வாசி."

டீனா வாசித்தாள். கூரை ஓவியத்தை ப்ளோரன்ஸ் போகவிட்டாள். லிஸ்பனில் நிறுத்தச் சொன்னாள்.

"அது எங்க உள்ள ஊரு?"

"போர்ச்சுகல். கடப்புறம்தான் அம்மா."

"பூசை நேரமா?"

"பூசை நேரம். கோயில் இடிஞ்சு உள்ள நின்னவிய செத்தாவ. தப்பிச்சு ஓடினவியளைக் கடல் வந்து எடுத்துட்டு."

"விலக்கு நாள்ல கடலுக்குப் போகாதவியளையா?"

"அவியளைத்தான்."

"மணி அடிச்சாவளா?"

"மணிக்கூண்டே விழுந்துபோச்சு அம்மா."

ப்ளோரன்ஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மற்ற வரிகளை டீனா வாசித்தாள். எல்லை வந்த வரியில் ப்ளோரன்ஸ், "அன்னைக்கு எனக்கு நாலு வயசு. எனக்க அம்மை வீடு ஒரே ராத்திரியில வேற மாநிலமாச்சு" என்று மட்டும் சொன்னாள். கடைசி வரியைக் கேட்டுவிட்டு டிக்சன் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை எழுதினது சரியாக்கும்."

"அப்போ நான் செய்த உதவி?"

"அன்னைக்கு விடியக்காலம் நான் அடுப்பாண்ட நின்னேன். 'கமிட்டி நானாக்கும்'னு நீரு சொன்னதைக் கேட்டேன். பெறவு மணி இல்லாமப் போயிருமேன்னு வாயை மூடினேன். மூணு வருசமா உம்மைப் பாக்கும்போதெல்லாம் கும்பிட்டேன். நேத்து பூசையில நீரு முன்வரிசையில இருந்தீரு, நேத்தும் கும்பிட்டேன்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ் வந்தும் ஏறவில்லை. "எனக்க மாப்பிள்ளை அன்னைக்குச் சட்டையை இட்டுட்டாக்கும் நின்னாரு. பூசைக்குப் போகத்தான் நின்னாரு. அவரை விலக்கு மீறினவருன்னு நான் இனி ஒளிக்கமாட்டேன். மீறினவரு நீரு."

பிறகு மகளிடம் கேட்டாள். "இன்னொருவர் வலைன்னு எழுதியிருக்கியே, அந்த இன்னொருவருக்குப் பேரு இல்லியா?"

டீனா 'இன்னொருவர்' என்பதைக் கையால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'டிக்சனின்' என்று எழுதினாள்.

"மோகனா" என்றார் டிக்சன்.

மோகனன் ஈரத்துணியை மேசையில் வைத்தார். "எனக்குக் கை நனைஞ்சு மரவிச்சுப் போச்சு மெம்பரே. வேணும்னா நீங்களே துடையுங்க."

டிக்சன் துடைத்தார். ஒரு வரியைத் தேடிப்பிடித்துத் துடைக்கிற நிதானம் அவருக்கு இல்லை. மேலிருந்து கீழ்வரை இழுத்தார். லிஸ்பன் போயிற்று, ராணி போனாள், புதுச்சேரியும் மாநிலப் பிறப்பும் சேர்ந்து போயின. சட்டைக் கையில் வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. தாயும் மகளும் ரோட்டைக் கடந்துகொண்டிருக்கும்போது ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தலைவர் கனகதாஸ் இறங்கினதும் முதலில் கேட்டது, "இதென்ன, தமிழ்ப் பாதியைக் காணோமே?" என்றுதான். யார் என்ன பதில் சொன்னார்கள் என்று டீனா நின்று கேட்கவில்லை. தொண்டையில் இன்னும் பத்து வாக்கியம் இருந்தது, ஒன்றையும் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று ஆத்திரமாக இருந்தது.

"பலகையில இனி நாளைக்கு வேற ராசா வருவான்" என்றாள் ப்ளோரன்ஸ். "வா, சிலுவைக்குப் போவோம்."

மறுநாள் கல்லறைத் திருநாள். அதனால் கல்லறைத்தோட்டம் முழுக்க ஆட்கள் சிலுவைகளுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வெள்ளையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ப்ளோரன்ஸ் பக்கத்துக் குழிக்காரர்களிடம் ஒரு சிரட்டையில் கறுப்பும் இன்னொன்றில் வெள்ளையும் வாங்கினாள். டீனா மண்டியிட்டு 31.10.1993 என்பதைக் கறுப்பால் மூடினாள். மூன்று வருடத்துப் பெயிண்ட் தடித்திருந்தது. கறுப்புக்கு அடியிலும் முப்பத்தொன்று மேடாகத் தெரிந்தது. ப்ளோரன்ஸ் ஒரு சிப்பியைக் கொடுத்தாள். டீனா அந்த எண்ணைச் சுரண்டி எடுத்தாள்.

ஜெய்சன் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"சிலுவையில எழுத்து மாத்த கமிட்டி அனுமதி வேணும் ப்ளோரன்ஸ்."

"முந்தி எழுதச் சொன்னதுல நானும் உண்டு ஜெய்சன். இப்போ அழிக்கச் சொல்லுததும் நானாக்கும். கமிட்டி வேணும்னா நாளைக்கு வந்து ஊருக்கு முன்ன மாத்தி எழுதட்டும், நான் இங்கதான் இருப்பேன்."

"பதிவேட்டுல முப்பத்தொண்ணு அப்படியேதான் கிடக்கும், பாத்துக்க."

"கிடக்கட்டும்" என்றாள் டீனா, தலையைத் தூக்காமல். "பக்கத்துல ஞாயிற்றுக்கிழமைன்னும் சேத்து எழுதி வையும்."

ஜெய்சன் புரியாமல் விரலை மடக்கி எண்ணப் பார்த்தார். பிறகு ஏதோ புரிந்து, கோயில் பக்கம் நடந்தார்.

வெள்ளைப் பெயிண்ட் இளகி ஓடியது. அப்பாவின் பெயருக்குக் கீழே 1.11.1993 என்று எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. எழுதிவிட்டு, வலைக்காரன் பெயரையும் இதில் போடட்டுமா என்று அம்மாவைக் கேட்டாள். "வேண்டாம். இது உனக்க அப்பனுக்க சிலுவை" என்றாள் ப்ளோரன்ஸ்.

இரண்டு குழி தள்ளி லூர்தம்மா தூரிகையைக் கையில் பிடித்தபடி வெகுநேரமாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் கடலில் போனவர்தான். அவளுடைய சிலுவைக்குக் கறுப்பு அடித்தாயிற்று, பெயரும் எழுதியாயிற்று. தேதியை மட்டும் இன்னும் எழுதவில்லை.

"மக்கா டீனா."

"என்ன சித்தி?"

"உனக்க வாசகசாலைப் புத்தகத்துல எண்பத்தொன்பதாம் வருசத்துக் கலண்டரும் உண்டா?"

"உண்டு. எதுக்கு?"

லூர்தம்மா கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஜெய்சன் உள்ளே போய்விட்டிருந்தார். "எங்களுக்கும் முந்தின நாளுன்னுதான் எழுதித் தந்தாவ" என்றாள்.

டீனா வெள்ளைச் சிரட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து அவளிடம் போனாள்.